சமமாக விழுந்த பகடை யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலத்தையொட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியாகிவரும் விளையாட்டுக் கேள்வி-பதில் பகுதியில், சென்ற வாரம் ‘ரிஸ்க்’ என்னும் உலகை வெல்லும் பலகை விளையாட்டைப் பற்றி வாசகர்கள் எழுப்பிய ஐயங்களுக்கு விடை தரப்பட்டிருந்தது. செல்பேசியை விட்டுப் பிள்ளைகளைப் பலகையின் முன் உட்கார வைக்கும் எந்த முயற்சியையும் நான் வரவேற்கிறேன். ஆனால் அந்த விடைகளில் இரண்டு, விதிப்புத்தகத்துக்கு நேர் மாறானவை. அவற்றை நம்பி ஆடுகிறவர்கள் பாதி ஆட்டத்தில் வழி தெரியாமல் நின்றுவிடுவார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலாவது, பகடை சமமாக விழும் நிலை. இரு தரப்பும் ஒரே எண்ணைப் போட்டால் இருவரும் ஆளுக்கொரு படையை இழக்க வேண்டும் என்றும், அதுவே நியாயமான முறை என்றும் தங்கள் பகுதி கூறியிருந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. விதியோ அப்படியில்லை. தாக்குபவர் அதிகபட்சம் 3 பகடைகளையும் காப்பவர் அதிகபட்சம் 2 பகடைகளையும் உருட்டிய பின்னர், இருவருடைய மிகப் பெரிய எண்களை முதலிலும், அடுத்த பெரிய எண்களை இரண்டாவதாகவும் ஒப்பிட வேண்டும். ஒவ்வோர் ஒப்பீட்டிலும் சிறிய எண்ணைப் போட்டவர் ஒரு படையை இழப்பார். எண்கள் சமமாக இருந்தால் இழப்பு தாக்கியவருக்கு மட்டுமே.

இது காப்பவருக்குக் காட்டப்படும் வெறும் சலுகை என்று நினைத்துத்தான் பலர் தங்கள் வீட்டில் இதை மாற்றிக்கொள்கிறார்கள். மாற்றினால் என்ன ஆகும் என்பதைப் பலகையிலேயே பார்க்கலாம். இந்தோனேசியாவில் 4 படைகளை வைத்திருப்பவர், 2 படைகள் நிற்கும் சயாமைத் தாக்குகிறார். அவருக்கு 6, 4, 1 விழுகிறது. சயாமுக்கு 5, 4. ஆறு ஐந்தை வெல்வதால் சயாமில் ஒரு படை போகிறது. நான்கும் நான்கும் சமம் என்பதால் இந்தோனேசியாவில் ஒரு படை போகிறது. ஆக 3 படைகளும் 1 படையும் எதிரெதிரே நிற்க, தாக்கியவர் தொடர்வதா நிறுத்துவதா என்று யோசிக்க வேண்டியதுதான்.

இதையே தங்கள் பகுதி சொன்னபடி ஆடினால், சயாம் இரண்டு படைகளையும் இழந்து காலியாகிவிடும். இந்தோனேசியாவில் 3 எஞ்சும். வென்ற நாட்டுக்குள், கடைசியாக எத்தனை பகடைகளை உருட்டினாரோ குறைந்தது அத்தனை படைகளை நகர்த்தியாக வேண்டும் என்பது விதி. எனவே அவர் 3 படைகளை அனுப்ப வேண்டும். புறப்பட்ட நாட்டில் ஒரு படையாவது தங்கியிருக்க வேண்டும் என்பதும் விதி. எனவே அவரால் இரண்டைத்தான் அனுப்ப முடியும். எந்த விதியை மீறுவது? ஒன்றுக்கு ஒன்று பகடை உருட்டும்போது நிலைமை இன்னும் மோசம். 2 படைகள் உள்ளவர், 1 படை உள்ளவரைத் தாக்கிச் சமமாக விழுந்து இருவரும் ஒன்றை இழந்தால், தாக்கிய நாட்டில் நகர்த்த முடியாத ஒற்றைப் படை நிற்கும்; எதிரே உள்ள நாடு யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். ஆட்டம் தொடங்கிய பிறகு ஆளில்லாத நாடு என்று ஒன்று இந்த விளையாட்டில் கிடையாது. ஒவ்வோர் ஒப்பீட்டிலும் சரியாக ஒரு படை மட்டுமே பலகையை விட்டு நீங்கும் என்ற அடிப்படையில் மற்ற விதிகள் கட்டப்பட்டிருக்கின்றன. உண்மையான விதிப்படி ஆடினால், ஒரு நாட்டைக் கைப்பற்றும் அந்தக் கடைசி உருட்டலில் தாக்குபவர் ஒரு படையைக்கூட இழப்பதில்லை என்பதை வாசகர்கள் தாங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

சமம் காப்பவருக்கே என்றால் யார்தான் தாக்குவார்கள் என்றும் ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாயம் ஆடிப் பழகிய நமக்கு, உருட்டுகிறவர் கையில்தான் லாபம் என்ற எண்ணம் ஊறிப்போயிருப்பதால் எழும் கேள்வி இது. கணக்கு வேறு விதமாக இருக்கிறது. மூன்று பகடைகளும் இரண்டு பகடைகளும் மோதும்போது மொத்தம் 7,776 விதமாக எண்கள் விழலாம். அவற்றில் 2,890 விதங்களில் காப்பவர் இரண்டு படைகளை இழக்கிறார். 2,275 விதங்களில் தாக்குபவர் இரண்டை இழக்கிறார். மீதமுள்ள 2,611 விதங்களில் ஆளுக்கொன்று. அதாவது சமநிலையை விட்டுக்கொடுத்த பிறகும், மூன்று பகடை உருட்டுகிறவர் கையே சற்று ஓங்கியிருக்கிறது. இரண்டுக்கு இரண்டு என்றால் நிலைமை தலைகீழாகிவிடும்: 1,296 விதங்களில் 295 மட்டுமே தாக்குபவருக்கு முழு வெற்றி, 581 முழுத் தோல்வி. ஒன்றுக்கு ஒன்று என்றால் 36-இல் 15 தான். ஆகவே, படை குவித்து வைத்திருப்பவர் தாக்கலாம், கைவசம் குறைந்தவர் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தைப் பகடையே கற்றுத்தருகிறது. சமத்தில் இருவரையும் இழக்கச் செய்தால் இந்த வேறுபாடு மங்கிப்போகும்.

இரண்டாவது பிழை சீட்டுகளைப் பற்றியது. ஆட்டத்தின் போக்கை இது இன்னும் அதிகமாகக் கெடுக்கும். ஒருவர் தம் முறையில் ஒரு நாட்டையேனும் கைப்பற்றினால் ஒரு சீட்டு எடுத்துக்கொள்ளலாம். பத்து நாடுகளைப் பிடித்தாலும் ஒன்றுதான். காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி ஆகிய மூன்று படங்களில் ஒரே படம் மூன்றோ, மூன்றும் ஒவ்வொன்றோ சேர்ந்தால் ஒரு செட்; அதைக் கொடுத்துக் கூடுதல் படைகளாக மாற்றிக்கொள்ளலாம். ரம்மியின் ஜோக்கரைப் போல எதற்கும் பொருந்தும் சீட்டுகளும் இரண்டு உண்டு. இதுவரை தங்கள் பகுதி சரியாகவே சொல்லியிருந்தது. ஆனால் ஒவ்வோர் ஆட்டக்காரரும் தம் முதல் செட்டுக்கு 4 படைகள், தம் இரண்டாவது செட்டுக்கு 6 படைகள் என்று பெறுவதாக எழுதியிருந்தது தவறு. மேசையில் யார் மாற்றினாலும் செட்டுகள் ஒரே வரிசையில்தான் எண்ணப்படும். முதல் செட்டுக்கு 4, அடுத்து 6, 8, 10, 12, ஆறாவதுக்கு 15, அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் ஐந்தைந்து கூடுதல்.

நால்வர் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 30 படைகளுடன் தொடங்குவார்கள். ஒவ்வொருவரும் இரண்டு செட் மாற்றிய நிலையில், எட்டாவது செட்டை மாற்றியவருக்கு விதிப்படி 25 படைகள் ஒரே கையில் வந்து சேரும். தனித்தனிக் கணக்கு என்றால் அவருக்குக் கிடைப்பது 6. ரிஸ்க் ஆட்டம் நள்ளிரவு வரை முடிவதேயில்லை என்று குறைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தத் தனிக் கணக்கில் ஆடுகிறவர்களே என்பது என் அனுபவம். வீங்கிக்கொண்டே போகும் இந்த எண்தான் ஆட்டத்தை முடித்துவைக்கிறது.

தோற்று வெளியேறுகிறவரின் சீட்டுகள் கட்டுக்கு அடியில் போகும் என்றதும் சரியல்ல. அவரை வீழ்த்தியவர் அவற்றை எடுத்துக்கொள்கிறார். அப்படி எடுத்ததால் கையில் ஆறோ அதற்கு மேலோ சேர்ந்தால், நான்கோ அதற்குக் குறைவோ ஆகும்வரை அப்போதே செட் மாற்றி, வந்த படைகளை நிறுத்தித் தாக்குதலைத் தொடரலாம். ஆறுக்குக் குறைவாக இருந்தால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கையில் நான்கு சீட்டுகளுடன் இரண்டு மூன்று நாடுகளில் ஒடுங்கிக் கிடக்கும் பலவீனமான ஆட்டக்காரர் மீது மேசையில் எல்லோருடைய கண்ணும் விழுவதற்குக் காரணம் இதுதான். அவர் பாவம் என்று விட்டுவைப்பவர், அவரைப் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தாரை வார்க்கிறார்.

ஆசியாவைப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் 7 படைகள் கூடுதலாகக் கிடைக்கும், எனவே அங்கிருந்து தொடங்குங்கள் என்ற அறிவுரையைப் பிழை என்று சொல்ல மாட்டேன், அவரவர் ஆட்டம். ஆயினும் 42 நாடுகளில் 12 ஆசியாவில் இருக்கின்றன. கம்சட்கா, யூரல், ஆப்கானிஸ்தான், மத்தியக் கிழக்கு, சயாம் என ஐந்து வாசல்களைக் காக்க வேண்டும். கண்டம் முழுவதும் தம் முறை தொடங்கும்போது கையில் இருந்தால்தான் அந்த 7 கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் நான்கே நாடுகள், 2 படைகள், ஒரே வாசல். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்தியாவை விடமாட்டேன் என்று அடம்பிடித்து, நான்கு பக்கத்திலும் அடி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். பலகையில் இந்தியாவின் அண்டை நாடுகள் மத்தியக் கிழக்கு, ஆப்கானிஸ்தான், சீனா, சயாம். தெற்கே கடல் என்றாலும் ஒதுங்கி நிற்க முடியாத இடம்.

எத்தனை பகடைகள் என்பதைக் காப்பவர் எப்போது சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு விடை தரப்படவில்லை. என்னிடமுள்ள பதிப்பின் விதிப்படி, இருவரும் உருட்டுவதற்கு முன்பே அறிவித்துவிட்டு ஒரே நேரத்தில் உருட்ட வேண்டும். எதிராளிக்கு இரண்டு ஆறுகள் விழுந்ததைப் பார்த்துவிட்டு, நான் ஒரு பகடையோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்ல இடமில்லை. முறையின் இறுதியில் படைகளை இடம் மாற்றுவதில் மட்டும் பதிப்புக்குப் பதிப்பு வேறுபாடு உண்டு: பழைய விதியில் அடுத்துள்ள நாட்டுக்கு மட்டும், பிற்காலப் பதிப்புகள் சிலவற்றில், இடையில் தம் நாடுகளே தொடர்ந்தால் தொலைவுக்கும் நகர்த்தலாம். இதை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

இன்னொரு சிறு திருத்தம். இதை அமெரிக்க விளையாட்டு என்று குறித்திருந்தீர்கள். ஆல்பேர் லாமோரிஸ் என்ற பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் உருவாக்கிய இது, 1957-இல் பிரான்சில் வெளிவந்து, 1959-இல்தான் அமெரிக்காவில் ‘ரிஸ்க்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

சமநிலை விதியையும், செட்டுகளுக்கான 4, 6, 8, 10, 12, 15 என்ற வரிசையையும் அடுத்த ஞாயிறு இணைப்பில் அதே பக்கத்தில் திருத்தமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வெட்டியெடுத்து விளையாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளும் அளவில் கட்டம் கட்டிப் போட்டால், ஆங்கில விதிப்புத்தகத்தைத் தொலைத்துவிட்ட வீடுகளுக்கு அது பெரிதும் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
திருச்சிராப்பள்ளி