குழுவில் இல்லாத வகுப்புத் தோழர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் திங்கட்கிழமை தோறும் தவறாமல் ஒரு படம் வருகிறது. "30 ஆண்டுகளுக்குப் பிறகு சந்தித்த முன்னாள் மாணவர்கள்." ஆண்கள் ஒரே நிற டி-சர்ட், பெண்கள் ஒரே நிறச் சேலை, நடுவில் நாற்காலியில் சால்வையோடு ஆசிரியர்கள், பின்னால் பேனர். அதைக் குறை சொல்ல வரவில்லை. எங்கள் செட்டும் அப்படி ஒரு படத்துக்கு நின்றதுதான். அந்தப் படத்தில் இல்லாதவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று கொரோனா காலத்திலிருந்தே எனக்கு எண்ணம்.

நான் தாராபுரம் வட்டாரத்தில் எல்.ஐ.சி. முகவர். இங்கே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 1991-ல் பிளஸ் டூ எழுதியவள். 2016-ல் வெள்ளி விழா வைத்தோம். அன்றைக்கு ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப் காலை வணக்கம், பிறந்தநாள் கேக் என்று ஓடிக்கொண்டிருந்தது. 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்ததும் கபசுரக் குடிநீர்ச் செய்முறையும், யாரோ ஒரு டாக்டர் பேசியதாக வந்த ஆடியோக்களும் சேர்ந்துகொண்டன. ஒருத்தருக்கும் பிரயோஜனம் இல்லை.

முதன்முதலாக உருப்படியாக வந்தது ஒரு கேள்வி. "கணக்கு சாருக்கு பிரஷர் மாத்திரை தீந்துபோச்சாமா. பையன் துபாய்ல மாட்டிக்கிட்டான். பக்கத்துல யாராச்சும் இருக்கீங்களா?" மெடிக்கல் வைத்திருக்கும் நண்பர் அரை மணி நேரத்தில் போய் சார் வீட்டு கேட்டில் பையை மாட்டினார். சார் உள்ளே நின்றபடியே பையைப் பிரித்து, அட்டையில் மாத்திரைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "பில்லு எங்கடா?" என்றாராம். சிரித்து முடித்த பிறகு ஒருத்தி கேட்டாள்: சார் நம் குரூப்பில் இல்லையே, எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தானே தெரிந்தது, இப்படி இன்னும் யார் யார் இல்லை?

பார்த்தால், பாதி வகுப்பு இல்லை. குரூப்பில் இருந்தவர்கள் எல்லோரும் பிளஸ் டூ வரை வந்தவர்கள். 1989-ல் எங்களோடு பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி, கணக்கிலோ இங்கிலீஷிலோ போய்விட்டவர்கள் ஒருத்தர்கூடக் கிடையாது. யாரும் வேண்டுமென்று விடவில்லை. 'பிளஸ் டூ செட்' என்று பேனர் அடித்தபோதே அவர்கள் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஊரடங்கில் முதலில் அடி விழுந்தது அவர்களுக்குத்தான். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம். சனிக்கிழமை கைக்கு வந்தால்தான் ஞாயிறு கறியும் திங்கள் தவணையும். ஒரு சனிக்கிழமை தவறினால் சமாளிப்பார்கள். இரண்டாவது சனிக்கிழமைக்கு மளிகைக் கடைக்காரர் பற்று நோட்டை மூடிவிடுவார்.

பள்ளி பூட்டிக் கிடந்தது. சேர்க்கைப் பதிவேடு உள்ளே. கை கொடுத்தவள் எங்கள் வகுப்பு லீடர், இப்போது பல்லடத்தில் இருக்கிறாள். டீச்சருக்காகத் தினமும் பெயர் கூப்பிட்டவள். கான்பரன்ஸ் காலில் அவள் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு அட்டெண்டன்ஸை மூச்சுவிடாமல் சொல்லச் சொல்ல, நான் பழைய எல்.ஐ.சி. டைரியில் எழுதினேன். நடுவில் நிறுத்திச் சந்தேகம் கேட்டால் மறுபடி முதல் பெயரிலிருந்துதான் வருவாள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஊர், வேலை, யாரைக் கேட்டால் நம்பர் கிடைக்கும் என்று மூன்று கட்டம் போட்டேன். அந்த டைரிதான் எங்கள் சங்கம். வாட்ஸ்அப் குரூப் அல்ல.

பெண்களைத் தேடியது தனிக் கதை. இனிஷியல் மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும், சிம் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். ஓர் ஆண் போன் போட்டு, "உங்க சம்சாரத்தோட கூடப் படிச்சவனுங்க" என்று சொன்னால் அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் பெண்களைப் பெண்கள்தான் கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டோம். அம்மா வீட்டுக்குப் பேசி, அண்ணன் தம்பிகளிடம் நம்பர் வாங்கி, எங்களில் நாலைந்து பேர் மத்தியானத்தில், ஆண்கள் தூங்கும் நேரமாகப் பார்த்து, கூப்பிட்டோம். திருப்பூரில் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் ஒருத்தி, யாரென்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏஞ்சாமி, நானெல்லாம் உங்க லிஸ்ட்டுல வருவனா?" என்றாள்.

அரிசி, பருப்பு என்றுதான் ஆரம்பித்தோம். ரேஷனில் அரிசி கிடைத்தது, அந்த ஏப்ரலில் அரசு கார்டுக்கு 1,000 ரூபாயும் கொடுத்தது. ஆனால் அடுத்த வருடமும் எல்லாம் மூடியபோது பல வீடுகளில் முதலில் கேட்டது போனுக்கு ரீசார்ஜ். வேலிடிட்டி முடிந்தால் வெளியே பேச முடியாது என்பது மட்டுமா, உள்ளே வரும் காலும் நின்றுபோகும்; நாங்கள் கூப்பிட்டாலும் அந்த ஆள் இல்லை. பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பும் அதே ஒற்றைப் போனில். வெளிநாட்டில் இருக்கும் தோழர்கள் இதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டே மூலனூரில் இருக்கும் போனுக்கு ரீசார்ஜ் போட முடிகிறது, நல்ல விஷயம்தானே.

2021-ல் முப்பதாம் ஆண்டுச் சந்திப்புக்கென்று சேர்த்து வைத்த பணம் இருந்தது. பள்ளிக்கு வளைவு கட்டி, அதில் செட்டின் பெயரைப் பொறிப்பதாகத் திட்டம். அந்தப் பணத்தைத் தொடலாமா கூடாதா என்று பெரிய சண்டை. இரண்டு பேர் குரூப்பை விட்டு வெளியேறினார்கள்; ஒருவர் திரும்பி வந்தார். கடைசியில் தொட்டோம். தினமும் இரவு வரவு செலவு குரூப்பில் வரும். யாருக்குக் கொடுத்தோம் என்ற பெயர் வராது, போட்டோவும் கிடையாது. பையை நீட்டிக்கொண்டே கேமராவைப் பார்க்கும் வழக்கம் அந்தச் சமயத்தில் ஊரெல்லாம் பரவியிருந்தது, எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்த ஒரு தோழிக்குச் சம்பளம் நின்றுபோயிருந்தது. பணம் என்றால் போனையே வைத்துவிடுவாள். இட்லி மாவு ஆட்டி விற்கிறாள் என்று தெரிந்ததும், உள்ளூரில் இருக்கும் எங்கள் வீடுகளில் எல்லாம் வாரத்துக்கு நான்கு நாள் இட்லிதான். என் வீட்டுக்காரருக்கு இன்றைக்கும் இட்லி என்றால் முகம் சுருங்கும்.

இரண்டாம் அலைக்கு வருகிறேன். 2021 மே 10 முதல் முழு ஊரடங்கு. ஆக்சிமீட்டர் சில வாங்கி ஊருக்கு ஒருவரிடம் வைத்தோம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி, அரசு மருத்துவ உதவி எண் 104-க்கு போன். காய்ச்சல் என்று சொன்னால் தெருவே ஒதுக்கிவிடும் என்று பயந்து மறைத்தவர்கள், கூடப் படித்தவர்களிடம் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லாததை முப்பது வருடமாகப் பார்க்காத ஒருத்தியிடம் சொல்வது எப்படி என்று எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை.

அப்படியும் லாரி ஓட்டிய தோழர் ஒருவரை விட்டுவிட்டோம். பத்தாவதோடு நின்றவர். டைரியில் பெயர் இருந்தது, நம்பர் கட்டம் காலி. மே முதல் வாரம் தொற்று உறுதியாகி அரசு மருத்துவமனையில் இருந்து, வீட்டுக்கு வந்து, மூன்றாவது வாரத்தில் வீட்டிலேயே இறந்திருக்கிறார். எங்களுக்குத் தெரிந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது.

துக்கம் கேட்கப் போன இடத்தில் அவர் மனைவியிடம் பேங்க் பாஸ்புக் கேட்டேன். தொழில் பழக்கம். மிளகாய்ப் பொடி டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். டீசல் பில், லாரியின் எப்.சி. (தகுதிச் சான்று) தாள், ரேஷன் கார்டு நகல்களுக்கு நடுவே பாஸ்புக். 2020 மே மாதக் கடைசியில் ஒரு வரி: 330 ரூபாய் பிடித்தம். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு அப்போதைய வருடப் பிரீமியம் அது. எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். அந்த அம்மாவுக்கு அது தெரியாது. "கணக்கு ஆரம்பிக்கறப்ப எதுலயோ கையெழுத்து வாங்குனாங்கனு சொன்னாருங்க" என்றார். பேங்கில் முதலில், அப்படி எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பாஸ்புக் வரியின் கீழே கோடு போட்டு எடுத்துக்கொண்டு நானும் இன்னொருவரும் அவருடன் போனோம். பாரம் கிடைத்தது. கொஞ்ச மாதத்தில் பணம் அந்த அம்மா கணக்கில் ஏறியது.

அடுத்தது இறப்புச் சான்று. அதில் கொரோனா இல்லை. அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 50,000 ரூபாய் நிவாரணத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது விதி தெளிவாயிற்று: தொற்று உறுதியான 30 நாளுக்குள் இறந்திருந்தால், வீட்டில் இறந்தாலும் அது கொரோனா இறப்புதான். சந்தேகம் இருந்தால் முடிவு செய்ய மாவட்டத்துக்கு ஒரு குழு. பரிசோதனை முடிவு அந்த மஞ்சள் பையிலேயே இருந்தது. பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைகளுக்கு மாநில அரசு அறிவித்த 3 லட்சத்துக்கும் அந்தத் தாள்தான் ஆதாரம். சின்னவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. நாங்கள் வசூலித்துக் கொடுத்த பணம் இதில் எதற்கும் உறை போடக் காணாது. கொடுத்ததெல்லாம் ஒரு ஆள், ஒரு பேனா, கூடவே வரிசையில் நிற்க நேரம்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. முன்னாள் மாணவர்களை அரசே கூப்பிடுகிறது. 2022 டிசம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' திட்டம் வந்தது, பள்ளி மேலாண்மைக் குழுவிலும் எங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பறை, கழிப்பறை, கணினி எல்லாம் வேண்டும்தான், நாங்களும் கொடுக்கிறோம். ஆனால் முன்னாள் மாணவன் என்றால் பள்ளிக்குப் பணம் தருகிறவன் என்று மட்டும் ஆகிவிட்டால், தர வழியில்லாதவன் மறுபடியும் பேனருக்கு வெளியேதான் நிற்பான். தலைமையாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பட்டியல் தயாரிக்கும்போது பிளஸ் டூவை மட்டும் எடுக்காதீர்கள். சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். எட்டாவதில் டி.சி. வாங்கிக்கொண்டு போனவனும் அதில் இருப்பான். பட்டன் போன்காரர்களுக்கு மாதம் ஒருமுறை பேச செட்டுக்கு இரண்டு பேர் போதும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தங்கள் நிருபர்களும் சந்திப்புப் படம் எடுக்கும்போது, "உங்கள் வகுப்பில் மொத்தம் எத்தனை பேர், இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

எங்கள் அடுத்த சந்திப்பில் சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுகிறோம். பாஸ்புக்கோடு வரச் சொல்லியிருக்கிறேன். 330 ரூபாயாக இருந்த பிரீமியம் 2022 ஜூனிலிருந்து 436. அதில் புதிதாகச் சேர 50 வயதுதான் வரம்பு, எங்கள் செட் அதைத் தாண்டிவிட்டது. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் 55 வரை தொடரலாம், மே மாதக் கடைசியில் கணக்கில் அந்தத் தொகை இருந்தால். நாமினி பெயர் இருக்கிறதா, இருந்தால் அது இறந்துபோன அம்மாவின் பெயராக இல்லாமல் இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தாராபுரம்.

(பெயரை வெளியிட வேண்டாம். மாவு விற்ற தோழியும் இந்த நாளிதழ்தான் வாங்குகிறாள்.)