கோமதிக்கு, உன் குளியலறைத் தண்ணீர் பற்றி

அன்புள்ள கோமதிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் இதைப் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

போன வாரம் வீடியோவில் முழங்கையைக் காட்டினாயே, சாம்பல் பூத்தது போல வெளுத்து, சொறிந்த கோடுகளோடு. அதைப் பார்த்ததும் எண்ணெயே தேய்ப்பதில்லை என்று உன்னைத்தான் திட்டினேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் நீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவள் நான். எந்தத் தண்ணீரில் குளிக்கிறாய் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தப்பு.

நீ வளர்ந்தது அம்பாசமுத்திரத்தில். பொதிகையில் இறங்கும் தாமிரபரணி, பாபநாசம் தாண்டியதும் நம்ம ஊருக்கு வந்துவிடும். எளிதில் கரையாத கெட்டிப் பாறை, அதில் தங்கவும் நேரமில்லை. அதனால் கால்சியமும் மக்னீசியமும் அந்தத் தண்ணீரில் அதிகம் சேர்வதில்லை. ஆற்றில் குளிக்கும்போது சோப்பு போகவே மாட்டேங்குது என்று சிணுங்குவாய், ஞாபகம் இருக்கிறதா? இப்போது சோழிங்கநல்லூரில் உனக்கு வருவது பாதி போர் தண்ணீர், பாதி லாரித் தண்ணீர். கடலோரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச கடல் உப்பு உள்ளே ஏறும், கால்சியமும் மக்னீசியமும் அதோடு சேர்ந்து வரும். லாரி இன்றைக்கு எந்தக் கிணற்றில் நிரப்பியது என்று உங்கள் வாட்ச்மேனுக்கே தெரியாது.

அந்தக் கால்சியம் சோப்போடு சேர்ந்தால் நுரை வராது, கரையாத ஒரு பிசுக்குதான் வரும். வாளியின் உள்விளிம்பில் வெள்ளையாக ஒட்டியிருக்குமே, அதேதான் உன் தோலிலும் படிகிறது. நுரை வரவில்லை என்று இன்னும் கொஞ்சம் சோப்பு போடுவாய், பிசுக்கு இன்னும் கூடும். தோலின் மேல்பரப்பு இயல்பாகவே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும். சோப்பு 9, 10. அது தோலில் தங்கிவிட்டால் தோலின் எண்ணெய்ப் பூச்சு கெடும், ஈரம் நிற்காது, அரிக்கும். இத்தனைக்கும் மேலே கொதிக்கக் கொதிக்க கீசர் தண்ணீர் வேறு.

நீ வாங்கின ஷவர் ஃபில்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உப்பையெல்லாம் எடுத்துவிடும் என்று கடையில் சொன்னார்களாம். அதில் இருக்கும் கரி குளோரினைக் குறைக்கும், அது உண்மை. கரைந்திருக்கிற கால்சியத்தை அது பிடிக்காது. அதற்கு ரெசின் என்ற சின்னச் சின்ன மணிகள் வேண்டும். ரெசின் கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தை விடும், தீர்ந்தால் உப்புக் கரைசல் ஊற்றிப் புதுப்பிக்க வேண்டும். உள்ளங்கையளவு டப்பாவில் நடக்கிற காரியமில்லை அது. கரைந்திருக்கிற மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் பேனாவை வைத்துப் பார்த்து, எண் மாறவில்லை என்று அழுதாயே, அந்தப் பேனா கடினத்தன்மையைத் தனியாகக் காட்டவே காட்டாது. ரெசின் வைத்த நல்ல சாஃப்ட்னர் வழியாக வந்த தண்ணீரிலும் அந்த எண் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் ஒரு உப்பு போய் இன்னொரு உப்பு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ரெண்டு பாட்டிலில், ஃபில்டருக்கு முன் ஒன்று, பின் ஒன்று, பாதி பாதி தண்ணீர் பிடி. குளிக்கிற சோப்பைச் சீவி, கேன் தண்ணீரில் கரைத்து, ரெண்டிலும் பத்துப் பத்துச் சொட்டு விட்டுக் குலுக்கு. ரெண்டும் ஒரே மாதிரி திரிந்து போனால், ஃபில்டர் கால்சியத்தைப் பிடிக்கவில்லை என்று உனக்கே தெரிந்துவிடும்.

உங்கள் குடியிருப்பில் பொது சாஃப்ட்னர் இருக்கிறதா என்று அசோசியேஷனில் கேள். இருந்தால், கடைசியாக என்றைக்கு உப்பு போட்டார்கள் என்றும் கேள். மெஷின் இருக்கும், உப்பு போட ஆள் மறந்திருப்பார்.

அதுவரை இப்படிச் செய். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷத்துக்குள் குளித்துவிடு. சோப்பு அக்குளுக்கும் இடுக்குக்கும் பாதத்துக்கும் போதும், கை கால் முழுக்க வேண்டாம். கடைசி ரெண்டு சொம்பு மட்டும் ஆர்.ஓ. தண்ணீராக ஊற்றிக்கொள். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசனை இல்லாத கிரீமோ தடவு. தலைக்குச் சீயக்காய் நல்லது, சோப்பைப் போல அது கால்சியத்தோடு திரியாது. முடி கொட்டுவதற்குத் தண்ணீர்தான் காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். முடி சொரசொரப்பாகும், சிக்காகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேரோடு கொட்டினால் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தண்ணீர் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்துவிடாதே. இங்கிலாந்தில் எக்ஸிமா என்ற தோல் அழற்சி இருந்த 336 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 2011-இல் வெளியிட்டார்கள். பாதிப் பேர் வீட்டில் 12 வாரம் சாஃப்ட்னர் ஓடியது. வழக்கமான சிகிச்சையோடு அதையும் சேர்த்ததால் கூடுதல் குணம் எதுவும் தெரியவில்லை. கடினநீர் தோலை எரிச்சலாக்குவது வேறு, வந்துவிட்ட எக்ஸிமாவைத் தண்ணீரை மாற்றியே தீர்ப்பது வேறு. முழங்கை மடிப்பில் தோல் தடித்தாலோ, நீர் கசிந்தாலோ, ராத்திரி தூக்கம் கெட்டாலோ தோல் டாக்டரிடம் போ. மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு வாங்காதே, ஏட்டி, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஷவர் துளைகளில் வெள்ளையாக அடைத்திருந்தால் வினிகரில் ஊறப் போடு. ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பினால் முதலில் ரெண்டு மூன்று நிமிஷம் ஷவரைத் திறந்துவிட்டு வெளியே நில். தேங்கின தண்ணீரில் கிருமி வளரும், அந்தத் திவலையை மூச்சில் இழுக்க வேண்டாம்.

தீபாவளிக்கு வரும்போது, கழுவின ஒரு லிட்டர் பாட்டிலில் உன் குளியலறைத் தண்ணீரை விளிம்பு வரை பிடித்து எடுத்து வா. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். குடிநீரின் கடினத்தன்மைக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை. உன்னுடையது எவ்வளவு என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் பழைய லேபிலும் ஒருமுறை செய்து பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். அந்தச் சோதனையில் கரைசலின் ஒயின் சிவப்பு நீலமாக மாறுகிற இடத்தைப் பார்க்க என் கண் இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் பாட்டிலை மேல் பெர்த்தில் வைக்காதே, உருண்டுவிடும்.

அன்புடன்,
அம்மா