புகை தெரிந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீ பற்றிய உங்கள் கட்டுரையில், தீயணைப்பு விமானத்தின் மேல் டிரோன் மோதியதை இரண்டே வரியில் முடித்திருந்தீர்கள். கலிஃபோர்னியாவில் வார இறுதிகளில் செஸ்னா 172 என்கிற சிறிய விமானத்தை ஓட்டுகிறவன் நான். டிரோன்காரரை மட்டும் திட்டிவிட்டு எங்களைப் போன்ற சிறு விமானம் ஓட்டுகிறவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதால் எழுதுகிறேன்.

2025 ஜனவரி 9 அன்று அடிபட்டது, கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்திருந்த சி.எல். 415 விமானம். கடலை உரசியபடி பறந்து 12 விநாடியில் சுமார் 6,000 லிட்டர் தண்ணீரை அள்ளிக்கொள்ளும். லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்ட்டியிடம் (மாவட்ட நிர்வாகம்) அப்போது இந்த ரகத்தில் இருந்தவை இரண்டுதான். அதில் ஒன்று இறக்கையில் ஓட்டை விழுந்து சில நாள் தரையில் நின்றது. அதற்கு இரண்டு நாள் முன்புதான், பேய்க்காற்றில் பறக்க வழியில்லாமல் விமானங்களை இறக்கிவைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட வாரத்தில் ஒரு விமானம் குறைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டிரோனை விட்டவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தீ செய்த சேதத்தை வேடிக்கை பார்க்க நினைத்தார், அவ்வளவுதான்.

அந்த ஆசை எனக்கும் வந்தது. சில வருடம் முன்பு ஒரு கோடை மதியம், நண்பரோடு பறந்துகொண்டிருந்தபோது மலைப்பக்கம் புகை எழும்பியது. நண்பர் போனை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் பக்கத்தில் போகலாமா?" என்றார். கிளம்பும் முன் பார்த்த அறிவிப்புகளில் அங்கே எந்தத் தடையும் இல்லை. டேப்லெட்டிலும் இல்லை. நானும் விமானத்தின் மூக்கை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். ஏதோ உறுத்தியதால் ரேடியோவில் கேட்டேன். தீயணைப்பு விமானங்கள் அங்கே வந்துகொண்டிருக்கின்றன, விலகிப் போங்கள் என்று பதில் வந்தது. தடை அறிவிப்பு வெளியானது நாங்கள் தரையிறங்கிய பிறகுதான்.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். தீ முதலில் வரும், டி.எஃப்.ஆர். எனப்படும் தற்காலிகப் பறக்கும் தடை பிறகுதான் வரும். வரைபடத்தில் தடையைக் காட்டும் வட்டம் இல்லை என்பதால் வானம் காலி என்று அர்த்தமில்லை. வட்டம் வந்த பிறகும், தீ பரவப் பரவ அது பெரிதாகும். காலையில் பார்த்தது மாலைக்கு உதவாது.

தீயின் மேலே என்ன நடக்கிறது என்பது எங்களில் பலருக்கே சரியாகத் தெரியாது. 'ஏர் அட்டாக்' என்கிற ஒரு விமானம் உயரத்தில் சுற்றிக்கொண்டே மற்ற எல்லோருக்கும் பாதையும் உயரமும் சொல்லும். வருகிற ஒவ்வொரு விமானமும் 12 கடல் மைல் தூரத்திலேயே அதைக் கூப்பிட வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் 7 மைலுக்குள் வரக்கூடாது. டேங்கர்கள் எனப்படும் தீயணைப்பு விமானங்கள் புகைக்கு நடுவே, தரையிலிருந்து 150, 200 அடி உயரத்துக்கு இறங்கித் தீத்தடுப்புக் கலவையைக் கொட்டும். இந்த ஒழுங்குக்குள் அவர்களுடைய அலைவரிசையிலேயே இல்லாத ஒரு செஸ்னா நுழைந்தால், அது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அது போகும்வரை எல்லோரையும் ஒதுக்கி நிறுத்த வேண்டியதுதான். நிறைந்த வயிற்றோடு டேங்கர் தள்ளி நின்று சுற்றும். கீழே தீயோடு போராடுகிற வீரர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"நான் உயரத்தில்தானே போகிறேன்" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த உயரத்தில்தான் ஏர் அட்டாக் சுற்றுகிறது.

இங்கே நம்மவர்களில் விமானம் ஓட்டக் கற்பவர்களும் டிரோன் வாங்குபவர்களும் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காக இதைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள்.

இப்போதெல்லாம் என்னோடு யார் ஏறினாலும் கதவைச் சாத்தும் முன்பே சொல்லிவிடுகிறேன்: வழியில் புகை தெரிந்தால் சுற்றித்தான் போவேன், போட்டோ எடுக்கப் பக்கத்தில் போகச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சான் ஹோசே, கலிஃபோர்னியா