அந்தப் படத்தை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த தற்காப்புத் துப்பாக்கிப் பயிற்சிக் கட்டுரையைப் படித்தேன். எழுத்தில் பெரிய குறையில்லை, படம்தான் உறுத்துகிறது. அதில் இருப்பவர் தோளைப் பின்னால் சாய்த்து, முழங்கை இரண்டையும் விறைப்பாக நீட்டி, தலையைத் துப்பாக்கியை நோக்கிக் குனிந்து நிற்கிறார்.

காவலர்களுக்கு 18 ஆண்டுகள் பிஸ்டல் பயிற்சி கொடுத்தவன் நான். முதல் நாள் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் நிற்பார்கள். கையில் கனத்தை நீட்டிப் பிடித்தால் உடம்பு தானாகவே பின்னே சாயும். நான் டம்மி துப்பாக்கியைக் கொடுத்து நிற்கவைத்து, முன்னாலிருந்து அவர்கள் கையை லேசாகத் தள்ளுவேன். சாய்ந்து நிற்பவர் உடனே குதிகாலுக்குப் போய்த் தடுமாறுவார். குண்டு வெடிக்கும்போதும் இதேதான் நடக்கும். அப்புறம் இரண்டாவது குண்டுக்குக் குறியை மீட்க நேரம் பிடிக்கும்.

கால்களைத் தோளகலம் வைத்து, முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, எடை முன்பாதத்தில் இருக்கும்படி நின்றால் போதும். துப்பாக்கிதான் கண்ணுக்கு வர வேண்டும், தலை அதைத் தேடிப் போகக்கூடாது. முழங்கை நீண்டிருக்கலாம், பூட்டிக்கொள்ளக் கூடாது.

வீவர் நிலைதான் சரி என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரக் காவலான ஷெரிப் துறையில் இருந்த ஜாக் வீவர், 1950களின் கடைசியில், மற்றவர்கள் இடுப்பளவிலிருந்து ஒற்றைக் கையால் சுட்டுக்கொண்டிருந்த போட்டிகளில், இரு கையாலும் பிடித்துக் கண்ணுக்கு நேரே உயர்த்திச் சுட்டு ஜெயித்தவர். பெரிய மாற்றம்தான். அவர் நிலையில் உடம்பு சற்றுப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும்; வலது கை முன்னே தள்ள, முழங்கை மடங்கிய இடது கை பின்னே இழுக்கும். நானும் ஆரம்பத்தில் அதையே சொல்லிக்கொடுத்தேன். ஆனால் திடீரென்று பயந்த மனிதன் பக்கவாட்டில் திரும்பி நிற்பதில்லை, ஆபத்துக்கு நேரே திரும்பிக் குனிகிறான். குண்டு துளைக்காத உடுப்பு போட்டவர் பக்கவாட்டில் திரும்பினால் அக்குள் பக்கம் வேறு திறந்துவிடும். நேராக நின்று, இரு கையையும் சமமாக நீட்டும் முக்கோண நிலைக்கு நான் மாறியது அதனால்தான்.

இன்னொன்று, படத்தில் இடது கட்டைவிரல், துப்பாக்கியின் மேல்பாகத்தில் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடுக்குப் பின்னால் இருக்கிறது. சுட்டதும் ஸ்லைடு பின்னே பாய்ந்து அந்த விரலைக் கிழித்துவிடும். என் கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தொடர்ச்சி அடுத்த வாரம் வருவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதற்குள் படத்தையாவது மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காவல் பயிற்றுநர்