விகிதமுறு எண் பாடத்துல சரியான விடைக்கு தப்பு போடற உங்க ஆப் பத்தி புகார்

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம் சார். சேலம் அம்மாப்பேட்டைல இருந்து எழுதறேன். சாயந்திரம் வீட்டுலயே ஏழாவது எட்டாவது பசங்களுக்கு கணக்கு ட்யூஷன் எடுக்கறேன். உங்க எட்டாங்கிளாஸ் கணக்கு ஆப்புக்கு ஜூன்ல ஒரு வருஷ சப்ஸ்கிரிப்ஷன் கட்டுனோம், நான் மட்டும் கட்டலைங்க, பசங்க வீட்டுலயும் ஆளுக்கு கொஞ்சம் போட்டாங்க, தறி ஓட்டறவங்க, கொலுசுப் பட்டறைல வேலை பாக்கறவங்க கொடுத்த காசு அது, அதனால இத அப்படியே விட எனக்கு மனசு வரல.

விகிதமுறு எண்கள் (மேலயும் கீழயும் முழு எண் வெச்சு, கீழ பூஜ்யம் இல்லாம, பின்னமா எழுதக்கூடிய எண்கள்) பாடத்துல "1/4-க்கும் 1/2-க்கும் இடையே ஒரு விகிதமுறு எண்ணைக் காண்க"ன்னு ஒரு கேள்வி வருது. என்கிட்ட படிக்கற பொண்ணு ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து 3/8-ன்னு போட்டா. 1/4-ங்கறது 2/8, 1/2-ங்கறது 4/8, நடுவுல 3/8, இதுல சந்தேகப்பட என்ன இருக்கு? உங்க ஆப் சிவப்பு கலர்ல பெருக்கல் குறி போட்டு "தவறு, சரியான விடை 1/3"ன்னு காட்டுது. 1/3-ம் சரிதான், நான் இல்லன்னு சொல்லல, மேல இருக்கறத மேலயும் கீழ இருக்கறத கீழயும் கூட்டுனா 2/6 வரும், சுருக்குனா 1/3, அதுவும் ரெண்டுக்கும் நடுவுலதான் வரும். ஆனா அது ஒண்ணு மட்டும்தான் விடைன்னு யார் சொன்னாங்க? 5/12-ம் சரி, 0.3-ம் சரி, ஏன்னா 0.3-ங்கறது 3/10 தான. இன்னொரு பையன் 2/6-ன்னே டைப் பண்ணான், அதுக்கும் தப்பு! 2/6-ம் 1/3-ம் ஒரே எண்ணுன்னு கூட உங்க ஆப்புக்கு தெரியல, நீங்க வெச்சிருக்கற விடைப் பட்டியல்ல, அதாவது 'கீ'-ல, இருக்கற எழுத்தோட ஒத்துப்போகுதான்னு மட்டும் பாக்குதுன்னு அப்பதான் எனக்கு புரிஞ்சுது.

அந்தப் பொண்ணு என்ன பண்ணா தெரியுமா சார், நோட்டுல அழகா மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு) எடுத்து போட்டிருந்த 3/8-ஐ ரப்பர் வெச்சு தேச்சு அழிச்சிட்டு 1/3-ன்னு எழுதி வெச்சிருக்கா. பேப்பர் கிழியற அளவுக்கு தேச்சிருக்கா. எப்படி 1/3 வந்துச்சுன்னு கேட்டா தெரியல மிஸ், ஆப்புல அப்படித்தான் இருக்குங்கறா. எனக்கு வயிறெரிஞ்சு போச்சு. தானா யோசிச்சு சரியா போட்ட பிள்ளைய அவ மூளை மேலயே நம்பிக்கை இல்லாம பண்ணிட்டீங்க.

இதவிட மோசம் அடுத்த கேள்வி. "2/5-க்கும் 3/5-க்கும் இடையே விகிதமுறு எண் இல்லை, சரியா தவறா" அப்படின்னு கேட்டு, "சரி"ன்னு விடை வெச்சிருக்கீங்க. 2-க்கும் 3-க்கும் நடுவுல முழு எண் இல்லைங்கறத பாத்துட்டு யாரோ இப்படி போட்டிருக்கணும். ஏற்காடு மலை ரோட்டுல அஞ்சாவது கொண்டை ஊசி வளைவுக்கும் ஆறாவது வளைவுக்கும் நடுவுல ரோடே இல்லன்னு சொல்ற மாதிரி இருக்கு இது. மேலயும் கீழயும் பத்தால பெருக்குங்க, 20/50, 30/50, நடுவுல 21/50-ல இருந்து 29/50 வரைக்கும் ஒன்பது எண் கண்ணு முன்னாடி வந்து நிக்குது, நூறால பெருக்குனா தொண்ணூத்தொன்பது வரும், இப்படி போய்க்கிட்டே இருக்கலாம். எந்த ரெண்டு வேற வேற விகிதமுறு எண்ண எடுத்தாலும் நடுவுல எண்ணிக்கையே இல்லாம இருக்கும், இதுதான் அந்தப் பாடத்தோட உயிர். 1/4-க்கும் 3/8-க்கும் நடுவுல 5/16, 1/4-க்கும் 5/16-க்கும் நடுவுல 9/32, சராசரி எடுக்க எடுக்க முடியவே முடியாது. இத நான் போர்டுல போட்டுக் காட்டும்போது பசங்க மூஞ்சில ஒரு ஆச்சரியம் வரும் பாருங்க, அதுக்காகத்தான் நான் இந்தப் பாடத்த ஆசை ஆசையா நடத்தறேன்.

மைனஸ் எண்ணுலயும் கோளாறு இருக்கு. -1/2, -1/3 ரெண்டுக்கும் நடுவுல -1/4 வருதாம். எண்கோடு போட்டு பாத்தா -1/4, -1/3-க்கு வலது பக்கம் வெளிய கிடக்கு. -6/12, -4/12-ன்னு மாத்துனா -5/12 தான் நடுவுல வரும், அதுக்கு தப்பு போட்டிருக்கீங்க.

கஸ்டமர் கேருக்கு போன் பண்ணேன். பேசுன தம்பி மரியாதையாதான் பேசுனாரு, அவர் மேல எனக்கு கோபம் இல்ல, ஆனா "சிஸ்டத்துல இருக்கற கீ தான் மேடம் ஃபைனல்"ன்னு சொல்லி டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிட்டாரு. கணக்குல யார் கீயும் ஃபைனல் இல்ல சார், விடை நிபந்தனைக்கு பொருந்துதான்னு தான் பாக்கணும். இத சரி பண்றது பெரிய வேலையும் இல்ல. பிள்ளை போட்டது விகிதமுறு எண்ணா, சின்ன எண்ண விட பெருசா, பெரிய எண்ண விட சிறுசா, இந்த மூணையும் சரிபார்த்தா போதும், பின்னத்தோட கீழ் எண் (பகுதி) ரெண்டும் பிளஸ்ஸா இருந்தா குறுக்குப் பெருக்கல்லயே தெரிஞ்சிடும்.

அதனால நான் கேக்கறது இதுதான். இந்தப் பாடத்துல ஒரே ஒரு விடை வெச்சிருக்கற எல்லா கேள்வியையும் மாத்துங்க, 2/5 கேள்வியையும் மைனஸ் கேள்வியையும் உடனே தூக்குங்க. ஏற்கனவே தப்பு வாங்குன பசங்களுக்கு "உன் விடை சரி"ன்னு ஆப்புலயே மெசேஜ் அனுப்புங்க, அவங்க மார்க்கையும் திருத்துங்க. பதினஞ்சு நாளுக்குள்ள செய்ய முடியாதுன்னா மீதி மாசத்துக்கான பணத்த திருப்பிக் கொடுங்க. ரெண்டும் நடக்கலன்னா 1915-க்கு போன் பண்ணி நுகர்வோர் புகார் பதிவு பண்ணுவேன், தேவைப்பட்டா சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். ஸ்கிரீன்ஷாட்டும் பணம் கட்டுன ரசீதும் இதோட வெச்சிருக்கேன், அந்த நோட்டுப் பக்கத்தோட போட்டோவும் இருக்கு, கேள்வி தயார் பண்றவங்ககிட்ட அத அவசியம் காட்டுங்க.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்,
அம்மாப்பேட்டை, சேலம்