பிழை என்று மட்டும் எழுதினால் காணாது

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மகளுக்கு,

பில் தொகை மாறியதற்கும் ஜெனரேட்டர் நின்றதற்கும் நீ இங்கிலீஷில் எழுதி அனுப்பிய இரண்டு கடித வரைவுகளையும் பார்த்தேன். இலக்கணம் சரி, பிழைக்கு நீ எடுத்த சொற்கள்தான் இடிக்கின்றன. எங்களுக்கு இலக்கம் மாறினாலும் பிழை, லிஃப்ட் நின்றாலும் பிழை. இங்கிலீஷில் எந்தச் சொல்லைப் போடுகிறாயோ, அதோடு பொறுப்பு யார் தலையில் என்பதும் சேர்ந்து போய்விடும்.

புறக்கோட்டைக் கடைக்கு 45,000 ரூபாய் பில் 54,000 என்று போனது எரர். இருக்கவேண்டிய தொகையிலிருந்து எழுதிய தொகை விலகிவிட்டது என்பதை மட்டும் அந்தச் சொல் சொல்லும். நீ போட்ட ‘அவர் ஃபோல்ட்’ (our fault) குற்றம் எங்களுடையது என்று கையெழுத்து வைத்துக் கொடுப்பது. வாயால் மன்னிப்புக் கேட்கும்போது அது நல்ல பண்பு. கந்தோர்க் கடிதத்தில் முகாமையாளரைக் கேட்காமல் எழுதாதே, நட்டஈடு கேட்கிறவர் அந்த வரியைத்தான் முதலில் காட்டுவார். (இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பிடிக்க, வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பார். இங்கே 9,000, மீதியில்லாமல் வகுபடுகிறது. மீதி வந்தால் வேறு இடத்தில் தேடு.)

மிஸ்டேக் ஆளின் தீர்மானத்தோடு ஒட்டியது. பேச்சில் இதையும் எரரையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள், ஆனால் அறிக்கையில் பிரித்து எழுதுவது நல்லது. புது லொறி வாங்கிய காசை ஒருவர் சொத்தாகப் பதியாமல் திருத்தச் செலவில் பதிந்தால், அவர் விளங்கிக்கொண்ட விதம் மிஸ்டேக். லெட்ஜரில் அது விட்டுப்போன அடையாளம் ‘எரர் ஒஃப் பிரின்சிபல்’, அதாவது கணக்கு விதிக்கு மாறான பதிவு. இரண்டு பக்கமும் சமமாகவே நிற்பதால் பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் பரீட்சை மீதி இதைக் காட்டிக்கொடுக்காது.

கணக்காய்வில் இன்னும் கவனம் வேண்டும். இலங்கைக் கணக்காய்வு நியமம் 240 எரரையும் ஃப்ரோடையும் (மோசடியையும்) பிரிப்பது வேண்டுமென்று செய்ததா இல்லையா என்பதை வைத்து. ஆனால் இலங்கைக் கணக்கீட்டு நியமமான எல்.கே.ஏ.எஸ். 8 முன்னைய காலத்து எரர்களை வரையறுக்கும்போது ஃப்ரோடையும் அதற்குள்ளே சேர்க்கிறது! எந்த நியமத்தின் கீழ் எழுதுகிறாய் என்று பார்த்துவிட்டுச் சொல்லைப் போடு.

ஜெனரேட்டர் விஷயத்தில் நீ டிஃபெக்ட் என்று எழுதியது விற்ற கொம்பனியைச் சாடுவது. மெஷினைத் தயாரிக்கும்போதே வந்த குறைதான் டிஃபெக்ட். ஓடி ஓடி வயர் தளர்ந்தால் ஃபோல்ட். மெக்கானிக் திறந்து பார்க்கும்வரை ஃபோல்ட் என்றே எழுது, அது யாரையும் இழுக்காது. ஆளுக்குச் சொன்னால் குற்றமாகிற அதே சொல், மெஷினுக்குச் சொன்னால் வெறும் கோளாறு.

‘காரணம்’ என்ற பத்தியில் நீ எல்லாவற்றுக்கும் ‘பயிற்சி போதாது’ என்று நிரப்பியிருக்கிறாய். ஜேம்ஸ் ரீசன் என்ற உளவியலாளர் 1990இல் பிரித்துக் காட்டியது இங்கே உதவும். தெரிந்த வேலையில் கை தவறினால் ஸ்லிப். செய்யவேண்டியது மறந்துபோனால் லாப்ஸ். போட்ட திட்டமே பிழை என்றால் மிஸ்டேக். பயிற்சி மூன்றாவதுக்குத்தான் மருந்து. 45ஐ 54 என்று அடித்த பிள்ளைக்கு எண் தெரியாமலா? அதற்கு இன்னொருவர் தொகையைச் சரிபார்க்கவேண்டும். மறதிக்குச் செக்லிஸ்ட்.

பிளண்டர் வேண்டாம், அது முட்டாள்தனம் என்று திட்டுவது. ஓவர்சைட்டுக்கு இரண்டு முகம்: ‘டியூ டு அன் ஓவர்சைட்’ என்றால் கவனிக்காமல் விட்டது, ‘அண்டர் த ஓவர்சைட் ஒஃப்’ என்றால் மேற்பார்வை. நீ முகாமையாளரின் பெயருக்குப் பக்கத்தில் வெறுமனே ஓவர்சைட் என்று விட்டிருக்கிறாய், அவர் எப்படி வாசிப்பார் என்று யோசி.

மிஸ்டேக்குக்கு முன்னால் ‘டூ’ வராது, ‘மேக்’தான். ‘பை மிஸ்டேக்’ சரி, ‘பை எரர்’ என்று எழுதமாட்டார்கள், ‘இன் எரர்’ என்பார்கள். புறக்கோட்டைக் கடிதத்தை முதலில் திருத்தி அனுப்பு, ஜெனரேட்டர் கடிதம் மெக்கானிக் வந்து பார்த்த பிறகு போகட்டும்.

அன்புடன்,
அப்பா