இந்திய ஜெபப் பயணத்துக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

கர்த்தருக்குள் அன்பான அக்காமார், அண்ணாமார், அன்ரிமார், தம்பி தங்கைகளுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகமாக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்துவிட்டோம். வந்த நாளிலிருந்து காண்கிற ஆட்களுக்கெல்லாம் நேரில் நன்றி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும் விடுபட்டவர்கள் நிறையப் பேர். வெளிநாட்டில் இருக்கிறவர்கள், தமிழ்நாட்டில் எங்களைத் தங்கள் வீடுகளில் தங்க வைத்தவர்கள், பெயரைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிக் கையில் பணத்தை வைத்துவிட்டுப் போனவர்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்கு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது பையில் கொண்டுவந்து தந்தீர்களே, அந்தப் பிடியரிசியை விற்றுச் சேர்த்த காசுதான் இந்தப் பயணத்துக்கென்று ஒதுக்கிய முதல் பணம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகள் அனுப்பிய தொகை பெரியது, அது இல்லாமல் கப்பல் டிக்கெட்டே எடுத்திருக்க முடியாது, அதற்கு மனதார நன்றி. ஆனால் அரிசி விலை இப்படி ஏறிக் கிடக்கிற காலத்திலும் ஒரு கிழமை கூட நிறுத்தாமல் பிடியரிசி வைத்த அம்மாக்களை முதலில் சொல்லாமல் என்னால் வேறு எதையும் எழுத முடியாது.

அப்புறம் விசாப் படிவங்களை நிரப்பித் தந்த தம்பிக்கு. எங்கள் குழுவில் பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள், கணினியில் படிவம் நிரப்பிப் பழகியவர்கள் இல்லை. தாத்தா பாட்டி எந்த நாட்டுக்காரர், இந்தியாவில் உங்களைத் தெரிந்தவர் யார், அவருடைய விலாசம் என்ன என்று அந்தப் படிவம் கேட்டுக்கொண்டே போகும். தம்பி வேலை முடிந்து வந்து இரவிரவாக இருந்து எல்லோருக்கும் செய்து கொடுத்தார். "தெரிந்தவர்" என்ற இடத்தில் போட, பாளையங்கோட்டையில் ஒரு அண்ணாச்சி எங்களில் ஒருவரையும் நேரில் பார்த்திராமலே தன் பெயரையும் விலாசத்தையும் தந்தார். அண்ணாச்சி, அந்த நம்பிக்கைக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

போவதற்கு முன்னமே சிலர் கேட்டீர்கள், இந்தியாவில் இல்லாத சபையா, அங்கே போய் நீங்கள் என்ன ஜெபிக்கப் போகிறீர்கள் என்று. நல்ல கேள்விதான். எங்களை அனுப்பியதே அந்தக் கேள்விக்கான பதில் என்பதால் இங்கேயும் சொல்கிறேன். 1816இல் அமெரிக்க மிஷனெரிமார் யாழ்ப்பாணத்தில் ஊழியத்தைத் தொடங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக் கூடம் வந்தது. 1834இல் மதுரையில் அமெரிக்க மிஷன் தொடங்கியபோது, தொடங்கப் போனவர்கள் இங்கிருந்துதான் போனார்கள், வெள்ளைக்கார மிஷனெரிமாரோடு எங்கள் ஊர்த் தமிழ் உதவிக்காரரும் சேர்ந்து. செமினரியை நடத்திய டானியல் பூர் ஐயரும் சில வருடம் மதுரையில் ஊழியம் செய்து திரும்பிவந்து, 1855இல் மானிப்பாயில் கொலராவில் இறந்தார். பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த டொக்டர் ஜோன் ஸ்கடரும் 1836இல் சென்னைக்குப் போனவர், அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர்தான் வேலூர் மருத்துவமனையைத் தொடங்கியது. 1947 செப்டெம்பர் 27இல் சென்னை தூய ஜோர்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் யாழ்ப்பாணமும் அதில் ஒரு பேராயமாகச் சேர்ந்தது. இவ்வளவு நெருங்கிய உறவு இருந்தும், யுத்த காலம் முழுக்கப் போக்குவரத்து அறுந்து, எங்கள் பிள்ளைகளுக்கு மதுரை என்றால் சினிமாவில் பார்த்த ஊர் என்றாகிவிட்டது. அதனால்தான் போனோம்.

காங்கேசன்துறைக்கு எங்களைத் தன் ஹயஸ் வானில் ஏற்றிக்கொண்டு போன கடைக்கார ஐயாவுக்கு நன்றி. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் விரதம் இருக்கிற மனுசன், ஒரு சதமும் வாங்க மறுத்துவிட்டார். "கோயிலுக்குப் போறவையிட்ட காசு வாங்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் நாலு மணித்தியாலம்தான். இறங்கினதும் தரங்கம்பாடிக்குப் போனோம். 1706 ஜூலை 9ஆம் தேதி ஜெர்மன் மிஷனெரிமாரான சீகன்பால்கு ஐயரும் புளுட்சோ ஐயரும் வந்திறங்கிய கரை அது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு கூட உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்த சீகன்பால்கு ஐயர், 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார், முப்பத்தாறு வயதில் இறந்துபோனார். அவர் கட்டின புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அவருடைய கல்லறை இருக்கிறது. நாங்கள் போய்ச் சேர நேரம் பிந்திவிட்டது, கதவு பூட்டியாயிற்று. ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் சாப்பாட்டை பாதியில் விட்டுவிட்டு, கை கழுவின ஈரம் காயாமல் சாவிக்கொத்தோடு ஓடிவந்து திறந்துவிட்டார். பிறகு, நாங்கள் ஜெபித்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்றார், ஒரு தடவை கூட நேரத்தைப் பார்க்கவில்லை. அண்ணா, உங்கள் சாப்பாடு ஆறிப்போயிருக்கும். கர்த்தர் உங்கள் வீட்டை ஆசீர்வதிப்பாராக.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். நாங்கள் எந்த இடத்திலும் மேடையேறவில்லை, பிரசங்கம் செய்யவில்லை, கைப்பிரதி கொடுக்கவில்லை. சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்கு இந்திய அரசு அதை அனுமதிப்பதில்லை, ஆலயத்துக்குப் போகலாம், ஆராதனையில் கலந்துகொள்ளலாம், அவ்வளவுதான். இதைக் கேட்டு, அப்படியென்றால் இவ்வளவு காசு செலவழித்துப் போனதில் என்ன பிரயோசனம் என்று ஒருசிலருக்கு மனத்தாங்கல் இருப்பது எனக்குத் தெரியும். நான் நினைப்பதைச் சொல்கிறேன். ஒரு ஊருக்காக அந்த ஊரில் உட்கார்ந்து, அந்தத் தெருவையும் அந்த முகங்களையும் பார்த்துக்கொண்டு கர்த்தரிடம் மன்றாடுவதும் ஊழியம்தான், முழுமையான ஊழியம். மதுரையில் பசுமலையில் ஒரு மரத்தடியில் இருந்து, இரண்டு நூற்றாண்டுக்கு முன் இங்கிருந்து போன பெயர் தெரியாத எங்கள் ஊர்க்காரருக்காக ஸ்தோத்திரம் பண்ணினோம், அங்கே படிக்கிற பிள்ளைகளுக்காக, அங்கே உள்ள போதகர்மாருக்காக ஜெபித்தோம். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே போயிருக்கலாம் என்று நான் துணிந்து சொல்வேன்.

மதுரையில் எங்களோடு வந்த மூத்த அன்ரிக்கு இரவில் மூச்செடுக்கக் கஷ்டமாகிவிட்டது. விடுதியில் பக்கத்து அறையில் தங்கியிருந்த ஒரு மருத்துவத் தாதி, யாரென்றே தெரியாத எங்களோடு ஆட்டோவில் ஏறி வந்து, ஆஸ்பத்திரியில் விடியும்வரை அன்ரியின் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தார். காலையில் நேரே வேலைக்குப் போய்விட்டார். அந்தத் தங்கைக்கு இந்த மடல் எப்படியாவது போய்ச்சேர வேண்டும். அன்ரி இப்போது நல்ல சுகம்.

எங்கள் வான் ஓட்டுநர் நாகூர்க்காரர். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அவர் பள்ளிவாசலுக்குள் போக, நாங்கள் வெளியே நிழலில் காத்திருந்தோம். ஞாயிறு ஆராதனைக்கு நாங்கள் உள்ளே போக, அவர் வெளியே காத்திருந்தார். இரவு எந்நேரம் ஆனாலும் பெண் பிள்ளைகள் அறைக்குள் போய்க் கதவு பூட்டும்வரை அவர் தூங்கப் போனதில்லை. பாய், உங்கள் உம்மாவுக்கும் எங்கள் சலாம் சொல்லுங்கள்.

மண்டபம் அகதி முகாமுக்குப் போனதைப் பற்றி எழுதாமல் விட முடியாது. எங்கள் குழுவில் ஒரு அக்கா 1990இல் கைப்பிள்ளைத் தம்பியோடும் தாயோடும் மன்னார்க் கடலால் போய் அந்த முகாமில் வளர்ந்தவர். அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது, அதனால் வீதியோரத்தில் நின்றுதான் ஜெபித்தோம். இன்னமும் அங்கே எங்கள் சனம் இருக்கிறது, அங்கேயே பிறந்து பெரியவர்களான பிள்ளைகள் இருக்கிறார்கள். அக்கா ஒன்றும் கதைக்கவில்லை. பக்கத்தில் தேநீர்க்கடை வைத்திருந்த வயதான ஐயா, அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "முகாம்ல இருந்த பிள்ளையா?" என்று கேட்டார். ஓம் என்றதும் எல்லோருக்கும் தேநீர் ஊற்றித் தந்து காசு வேண்டாம் என்றுவிட்டார். அக்காவைப் போன்ற பிள்ளைகள் படிக்க உதவிய ராமநாதபுரத்து ஆசிரியர்களுக்கு, துணி தந்தவர்களுக்கு, கரையில் இறங்கினதும் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்களுக்கு, முப்பது வருடத்துக்கு மேல் பிந்தினாலும் எங்கள் நன்றி.

தஞ்சாவூரிலும் சென்னையிலும் நிற்க நேரம் போதவில்லை, அங்கே ஏற்பாடு செய்தவர்களுக்கு நன்றி, இன்னொரு முறை கர்த்தருக்குச் சித்தமானால் ஆறுதலாக வருவோம்.

திருநெல்வேலிப் பக்கம்தான் நாங்கள் அதிகம் நின்றது. பாளையங்கோட்டை ஊசிக்கோபுர ஆலயத்தின் நிழலில், 1903இல் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சங்கம் தொடங்கி, தங்கள் சொந்தப் பணத்தில் தங்கள் சொந்த மிஷனெரிமாரை இன்றைய தெலங்கானாவின் தோர்னக்கல் பகுதிக்கு அனுப்பிய அந்த ஊரில், எங்கள் பிடியரிசி அம்மாக்களை நினைத்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கல்லறைக்குக் கல்வெட்டு இல்லை, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி, அதில் அம்மா என்ற பெயர், அவ்வளவுதான். நாங்கள் நிற்கும்போது ஒரு மைனா வந்து குளித்துவிட்டுப் போனது.

சாத்தான்குளம் பக்கம் ஒரு கிராமத்தில் அசனப் பண்டிகைக்கு அழைத்தார்கள். முந்தின இரவே ஆலய வளவில் பெரிய பெரிய அண்டாக்கள் அடுப்பில் ஏறிவிட்டன. ஆண்கள் இறைச்சி வெட்ட, பெண்கள் சுற்றியிருந்து வெங்காயம் உரிக்க, எங்களையும் உட்கார வைத்து ஆளுக்கொரு கத்தி தந்தார்கள், கீர்த்தனைகள் பாடிப் பாடியே விடிந்தது. அடுத்த நாள் எந்த மதம் என்று பாராமல் ஊர் முழுக்க வந்து வரிசையில் இருந்து சாப்பிட்டது, போகும்போது வீட்டுக்கும் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போனது. அங்கே ஒரு பாட்டியம்மா என் பக்கத்தில் இருந்தவர், நான் யாழ்ப்பாணம் என்றதும் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, இப்பம் அங்க சண்ட ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். யுத்தம் நடந்த காலத்தில் தினமும் காலை ஜெபத்தில் எங்களுக்காக ஜெபித்தவராம், முடிந்ததென்று ரேடியோவில் சொன்ன பிறகும் நிறுத்த மனம் வரவில்லையாம். அவருக்கு யாழ்ப்பாணத்தில் ஒருவரையும் தெரியாது. நாங்கள் பங்கருக்குள் இருந்து, எங்களை ஒருவரும் நினைக்கவில்லை என்று அழுத இரவுகளில், செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் இந்த அம்மா முழங்காலில் இருந்திருக்கிறார். இதை நான் நேரில் கேட்டுவிட்டேன், இனி அந்த நாட்களை முந்தி நினைத்த மாதிரி என்னால் நினைக்க முடியாது. பாட்டியம்மா, உங்களுக்குச் சொல்கிற நன்றிதான் இந்த மடலிலேயே பெரியது.

இனிக் கணக்கு விசயம். எல்லாப் பற்றுச்சீட்டுகளும் ஒரு கோவையில் போட்டுச் சபை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம், பணம் தந்தவர்கள் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கொஞ்சப் பணம் மீதி இருக்கிறது. அதை முகாம் பிள்ளைகளின் படிப்புக்கு முறைப்படி அனுப்ப வழி இருக்கிறதா என்று போதகர் ஐயா விசாரிக்கிறார், சபைக் கூட்டத்தில் கேட்டுத்தான் முடிவெடுப்போம். வருகிற வெள்ளி மாலை ஜெபக்கூட்டத்தில் படங்களைப் போட்டுக் காட்டுவோம். ஓய்வுநாட் பாடசாலைப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள், மதுரைப் படங்களை அவர்களுக்கென்றுதான் எடுத்தோம். பெண்கள் சங்கத்து அம்மாக்கள் அன்றைக்கு ஒன்றும் சமைத்துக்கொண்டு வரக் கூடாது. தேநீரும் பலகாரமும் பயணம் போனவர்களின் பொறுப்பு.

கிறிஸ்துவின் அன்பில்,
பயணக் குழுவினர் எல்லோருக்காகவும் எழுதும் உங்கள் சகோதரி